கருத்துக் கேட்பு

சாயல்குடி கல்யாண மண்டபத்தில்
நேற்றைய பந்தியின் சாம்பார் வாடை இன்னும் போகவில்லை.
மணமேடையில் மூன்று அதிகாரிகள்.
மாப்பிள்ளை நாற்காலியில் கலெக்டர் ஆபீஸ்காரர்.
கடலுக்குள் காற்றாடி நடப்போகிறார்களாம்.
கருத்துச் சொல்ல வந்திருக்கிறோம்.

பெயர்: ரா. சேதுராக்கு.
ஊர்: சின்ன ஏர்வாடி.
தொழில்: பாசி.
ஊசிமணி பாசியா, என்று கேட்டான் எழுதுகிற பையன்.
கடல்பாசி, தம்பி.
நீ தின்கிற ஐஸ்கிரீம் உருகாமல் நிற்பதற்கு
என் முழங்கால் காயமும் ஒரு காரணம்.

கருத்துக்கு மூன்று கோடு விட்டிருந்தது.
அடங்காது என்றேன்.
சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றான்.
சுருக்கமாகத்தான் பிழைக்கிறோம்:
ஒரு மூச்சுக்கு ஒரு முங்கு,
அதற்குள் பிடுங்கியதுதான் கூலி.

காற்று வேண்டாமென்று யார் சொன்னது?
கச்சான் அடிக்கிற மாசங்களில்
சோற்றில் மணல், பிள்ளை கண்ணில் மணல்.
அது கரண்டாகி எங்கேயோ ஒரு ஃபேனைச் சுற்றினால்
சுற்றட்டுமே.
ரெண்டு வருசமாய் ஒரு மஞ்சள் மிதவை
காற்றை அளந்துகொண்டு கிடக்கிறது.
தலையில் எப்போதும் ஒரு ஆலா.
போன மாசம் அதன் சங்கிலியோரம் முங்கிப் பார்த்தேன்.
இரும்பு முழுக்கப் பாசி,
விரல் நீளத்துக்கு, இளசு.
கடல் தன் கருத்தை எழுத ஆரம்பித்துவிட்டது.
ஆதரவா எதிர்ப்பா
எனக்கே வாசிக்கத் தெரியவில்லை.

இதைச் சொல்லும்போது மைக் செத்தது.
மின்வெட்டு.
பின்கட்டில் டீசல் ஜெனரேட்டர்
இருமி இருமி எழுந்து நின்றது.
மேடையில் ஒருவர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டார்.

கொழுந்தன் படகில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள்.
செயற்கைக்கோளோடு பேசுமாம்.
எல்லைக்குப் பக்கம் போனால் கத்தும்,
புயலென்றாலும் கத்தும்.
போன ஐப்பசியில் அது கத்தித்தான்
பதினோரு பேர் கரை வந்தார்கள். மறுக்கமாட்டேன்.
அத்தனை உயரத்திலிருந்து
ஒரு வல்லத்தை அடையாளம் தெரிகிறது.
ரேஷன் கடை மெஷினுக்குத்தான்
என் கட்டைவிரலைத் தெரியவில்லை.
பாறை தின்ற விரல்.
“ரேகை விழலக்கா, துடைச்சிட்டு வையி.”
எதைத் துடைக்க?

நிலாவில் தண்ணி தேடுறாய்ங்க,
இங்கே லாரி மூணு நாளைக்கு ஒருதரம் என்றான்
பின்வரிசையில் அருள்சீலன்.
மண்டபமே சிரித்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
தள்ளுவண்டியில் ஆறு குடத்தோடு
ஊற்றுக்குப் போய் வருகிறவள் நான்.
தண்ணீர் தேடிப் போகிறவர்களை
எனக்குக் கிண்டல் செய்ய வராது.
கிடைத்தால் யார் குடத்தில் ஊற்றுவார்கள்?
அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

நாங்களும் கண்டுபிடிப்பாளர்கள்தான்.
சாப்பாட்டுத் தட்டை ரப்பர் வாரால் காலில் கட்டி
துடுப்பாக்கியது எந்த விஞ்ஞானி?
அன்றைக்கு நாங்களும்
மீனிடம் கருத்துக் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று செய்தோம்.
பாசி குறைந்த வருசம், பெண்களாகக் கூடி,
மாசத்தில் பன்னிரண்டு நாள்தான் முங்குவது என்று
எங்களுக்கு நாங்களே சட்டம் போட்டோம்.
மீதி நாள் அது வளர.
வயிறு கேட்ட அன்றும் மீறவில்லை.
இல்லை, பொய். ரெண்டுமுறை மீறினேன்.
அபராதம் கட்டினேன்.

எழுதிக்கொள், தம்பி:
காற்றாடி மாசத்தில் எத்தனை நாள் சுற்றும்?
அதற்கு ஓய்வு நாள் உண்டா?
சட்டம் மீறினால் அபராதம் யாருக்குக் கட்டும்?
அதன் காலடியில் முளைக்கிற பாசி யாருடையது?

மூணு கோடு முடிஞ்சதுக்கா என்றான்.
ஓரத்தில் இடமிருக்கிறதே, அங்கே எழுது என்றேன்.
தாளைச் சாய்த்துவைத்து,
பொடி எழுத்தில்,
ஓரமாகவே எழுதினான்.